சுருட்டை முடி முரண்டு பிடிக்கிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

காய்ந்த சுருட்டை முடியில் சிறுபல் சீப்பை உச்சியில் வைத்துக் கீழே இழுத்தால் சரக், சரக் என்று ஒரு சத்தம் வரும். சிக்கைத் தாண்டிச் சீப்பு இறங்குகிற சத்தம் என்று நினைத்துத்தான் இருபத்தாறு வயதுவரை தினமும் காலையில் அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். முடி ஒடிகிற சத்தம் அது என்று தெரிந்த அன்றைக்குத் தரையைக் குனிந்து பார்த்தேன். சின்னச் சின்னத் துண்டுகள், வேர் இல்லாதவை, காற்புள்ளி போல வளைந்து கிடந்தன. என் முடி வளரவே வளராது என்று அதுவரை எல்லோரிடமும் சொல்லிவந்தேன். அது பாட்டுக்கு வளர்ந்துகொண்டுதான் இருந்தது. வளர்ந்த வேகத்திலேயே நான் ஒடித்துக்கொண்டிருந்தேன்.

சுருட்டை முடிக்காரர்கள் சொல்லும் குறைகளில் பெரும்பாலானவை இந்த ரகம்தான். நேர்முடிக்கான பழக்கங்களைச் சுருள்மேல் நடத்துவதால் வருபவை. கீழே ஒவ்வொன்றையும் அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்களுடையது எதுவோ நேராக அங்கே போகலாம். முதல் பகுதியை மட்டும் தாண்டாதீர்கள். பலருக்கு அதிலேயே வேலை முடிந்துவிடும்.

முதலில் ஒரு வெள்ளோட்டம்

எதையும் வாங்கும் முன் ஒரே ஒரு முறை இப்படிச் செய்து பாருங்கள். சாதாரண ஷாம்பு போட்டு அலசுங்கள். கண்டிஷனரைத் தாராளமாகப் போட்டு, அது தலையில் இருக்கும்போதே விரலாலோ பெரிய பல் சீப்பாலோ சிக்கெடுத்துவிடுங்கள். மறுபடி அலசுங்கள். அதன்பின் சீப்பு கிடையாது, துண்டால் தேய்ப்பது கிடையாது, கையால் கோதுவதும் கிடையாது. சொட்டும் நீரைப் பழைய பருத்தி டி-ஷர்ட்டால் ஒற்றி எடுத்துவிட்டு, முழுக்கக் காயும்வரை மறந்துவிடுங்கள்.

காய்ந்தபின் தெரிவதுதான் உங்கள் முடியின் சொந்த வளைவு. அலை அலையாக வரலாம், திருகு திருகாக வரலாம், ஸ்பிரிங் போலச் சுருண்டு நிற்கலாம். ஒரே தலையில் மூன்றும் வரலாம். பிடரியில் இறுக்கமாகவும் உச்சியில் தளர்வாகவும் இருப்பது மிகச் சாதாரணம். தன் முடி ‘அடங்காத முரட்டு முடி’ என்று வாழ்நாள் முழுக்க நினைத்திருந்தவர்கள், அது ஒழுங்கான அலைமுடி என்று இந்தச் சோதனையில்தான் கண்டுபிடிக்கிறார்கள்.

வளைவைப் பார்த்ததும், இது 2ஏ-வா 3பி-யா என்ற கேள்வி வரும். முடியின் வளைவுக்கு எண்ணும் எழுத்தும் கொடுத்து, அமெரிக்கச் சிகையலங்காரர் ஆன்ட்ரே வாக்கர் 1990களில் பரப்பிய வகைப்பாடு அது. அதற்காகக் கண்ணாடி முன் மணிக்கணக்கில் நிற்காதீர்கள். அந்த எண் வடிவத்தை மட்டுமே சொல்லும். முடிக்கு என்ன தேவை என்பதைச் சொல்வது இழையின் பருமனும், தலையின் அடர்த்தியும், முடி நீரை எவ்வளவு வேகமாக உறிஞ்சுகிறது என்பதும்தான். இதே ரகத்தில் இன்னொன்று, அந்த உறிஞ்சும் வேகத்தை அறிய டம்ளர் தண்ணீரில் ஒரு முடியைப் போட்டு மிதக்கிறதா மூழ்குகிறதா என்று பார்க்கும் சோதனை. முடியில் கொஞ்சம் எண்ணெய் ஒட்டியிருந்தாலே விடை மாறிவிடும். அதையும் விட்டுவிடலாம்.

சரி, இது ஏன் இப்படி நடந்துகொள்கிறது? சுருட்டை முடி வளைந்த மயிர்க்காலிலிருந்து வருகிறது. குறுக்கே வெட்டிப் பார்த்தால் வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாக இருக்கும். உச்சந்தலையில் சுரக்கும் எண்ணெய் நேர்முடியில் வழுக்கிக்கொண்டு நுனிவரை இறங்கிவிடும். சுருளில் ஒவ்வொரு வளைவிலும் தங்கி நின்றுவிடும். அதனால் வேரில் பிசுக்கும் நுனியில் வறட்சியும் ஒரே நேரத்தில் இருக்கும். மேலே கூரை ஓடுபோல அடுக்கிய செதில்கள், உள்ளே கெரட்டின் புரதம். அந்தப் புரத இழைகளைப் பிடித்து வைத்திருப்பவை முக்கியமாக இரண்டு வகைப் பிணைப்புகள். ஹைட்ரஜன் பிணைப்பு தண்ணீர் பட்டால் விட்டுவிடும், காயும்போது அப்போதிருக்கும் வடிவத்திலேயே மறுபடி பிடித்துக்கொள்ளும். டைசல்ஃபைட் பிணைப்பு தண்ணீருக்கு அசையாது, ரசாயனம் வந்தால்தான் அசையும். இந்த இரண்டையும் நினைவில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பாதிக் கோளாறுகளை நீங்களே ஊகித்துவிடுவீர்கள்.

ஒரே ஒரு கண்டிப்பு. ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஷாம்பு, ஜெல், துண்டு மூன்றையும் ஒரே வாரத்தில் மாற்றினால் எது வேலை செய்தது என்று கடவுளுக்கும் தெரியாது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் மூன்று நான்கு முறையாவது தலைக்குக் குளித்துப் பார்த்துவிட்டுத் தீர்ப்பு சொல்லுங்கள்.

ஈரத்தில் அழகான சுருள், காய்ந்ததும் பரட்டை

எல்லோரும் முதலில் கேட்பது இதுதான். நூற்றுக்கணக்கான பொருள்கள் இதைச் சொல்லித்தான் விற்கின்றன. ஆனால் பொருளைத் தேடும் முன் கையைப் பாருங்கள்.

முடி ஈரமாக இருக்கும்போது ஹைட்ரஜன் பிணைப்புகள் எல்லாம் அவிழ்ந்து கிடக்கின்றன. காயக் காய, பக்கத்துப் பக்கத்து முடிகள் கூட்டாகச் சேர்ந்து ஒரு சுருளாக இறுகுகின்றன. பாதி காய்ந்த நிலையில் நீங்கள் விரலை விட்டுக் கோதினால் அந்தக் கூட்டம் கலைந்துவிடும். கலைந்த முடிகள் தனித்தனியாக, ஒவ்வொன்றும் ஒரு திசையில் நின்றபடி இறுகிவிடும். அதற்குத்தான் பரட்டை என்று பெயர். துண்டை வைத்துப் பரபரவென்று தேய்ப்பதும் இதையேதான் செய்கிறது, இன்னும் மும்முரமாக.

செய்ய வேண்டியது: குளியலறையை விட்டு வெளியே வரும் முன், தண்ணீர் சொட்டச் சொட்ட இருக்கும்போதே ஜெல் போடுங்கள். ‘ஈரமாக’ என்று சொன்னால் பலர் துண்டால் துடைத்தபின் இருக்கும் ஈரத்தை நினைத்துக்கொள்கிறார்கள். அது போதாது. தலையை முன்னால் கவிழ்த்து, நுனியை உள்ளங்கையில் ஏந்தி வேரை நோக்கி மேலே கொண்டுபோய்ப் பிசையுங்கள். சளக் சளக்கென்று சத்தம் வர வேண்டும். சத்தம் வரவில்லை என்றால் கையில் கொஞ்சம் தண்ணீர் எடுத்துச் சேருங்கள். சுருள்கள் கடற்பாசி போலக் கொத்துக் கொத்தாகச் சேர்ந்து தொங்குவது தெரிந்ததும் நிறுத்திவிட்டு, டி-ஷர்ட்டால் ஒற்றுங்கள். அப்புறம் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். எனக்கு இதில் மிகக் கஷ்டமான பகுதி இந்தக் கை கட்டுவதுதான்.

முழுக்கக் காய்ந்ததும் முடி மொறமொறவென்று விறைத்திருக்கும். புதிதாக ஜெல் போடுகிறவர்கள் இங்கேதான் பயந்துபோய் ஜெல்லைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். நானும் போட்டிருக்கிறேன். அது கோளாறு இல்லை. காயும்வரை சுருளைப் பிடித்து வைத்திருந்த ஓடு அது. உள்ளங்கையில் இரண்டு சொட்டு எண்ணெய் தேய்த்துக்கொண்டு, முன்பு போலவே நுனியிலிருந்து மேலே அள்ளிப் பிசையுங்கள். ஓடு உடைந்து, உள்ளே மென்மையான சுருள் வெளிவரும். துளி ஈரம் மிச்சமிருக்கும்போது உடைத்தால் மறுபடி பரட்டைதான், எனவே வேர்ப்பகுதியைத் தொட்டுப் பார்த்துவிட்டு உடையுங்கள். வெள்ளை வெள்ளையாகத் திரிந்து உதிர்ந்தால், அடியில் போட்ட கிரீமும் மேலே போட்ட ஜெல்லும் ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம். இரண்டையும் உள்ளங்கையில் கலந்து பாருங்கள். கையிலேயே திரிந்தால் தலையிலும் திரியும்.

இதையெல்லாம் செய்தும் பரட்டையாகிறது, அதுவும் சில நாள்களில் மட்டும் என்றால் வானிலையைப் பாருங்கள். ஜெல்லின் உட்பொருள் பட்டியலில் கிளிசரின் முதல் நான்கைந்துக்குள் இருக்கிறதா? கிளிசரின் ஈரத்தை இழுக்கும். காற்றில் ஈரப்பதம் மிக அதிகமாக இருந்தால் அங்கிருந்து முடிக்குள் இழுத்து உப்ப வைக்கும். காற்று வறண்டிருந்தால் முடியில் இருப்பதையும் வெளியே விட்டுவிடும். நடுத்தரமான நாள்களில் அருமையாக இருக்கும் ஜெல், மழைக்காலத்தில் துரோகம் செய்வது இதனால்தான். அந்த நாள்களுக்குக் கிளிசரின் இல்லாத ஜெல் ஒன்றை வைத்துக்கொள்ளலாம்.

உச்சியில் மட்டும் குட்டிக் குட்டி முடிகள் ஒளிவட்டம்போல நிற்கின்றனவா? ஒன்றைப் பிடித்து நுனியைப் பாருங்கள். நுனி மெலிந்து கூராக இருந்தால் புதிதாக முளைப்பது, மகிழ்ச்சி. மொட்டையாக, வெட்டியது போல இருந்தால் ஒடிந்தது. சிக்கெடுக்கும் பகுதிக்குப் போங்கள்.

காலையில் துள்ளல், மதியத்துக்குள் தொய்வு

முடி எடை தாங்காமல் இழுபடுகிறது. மெல்லிய இழை உள்ளவர்களுக்கு இது அதிகம். முதல் சந்தேகம், படிவு. மென்மையான ஷாம்புவில் போகாத சிலிகோன் (முடிக்கு வழவழப்புத் தரும் பூச்சு), வெண்ணெய் ரகக் கிரீம்கள், எண்ணெய் எல்லாம் அடுக்கடுக்காக ஏறிக்கொண்டே போயிருக்கும்.

உட்பொருள் பட்டியலில் ‘கோன்’ என்று முடிபவை பெரும்பாலும் சிலிகோன். டைமெதிக்கோன் தண்ணீரில் கரையாது. பெக் என்று தொடங்கும் பெயர்களோடு வருபவை ஓரளவு கரையும். சிலிகோனே விஷம் என்று பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சிக்கெடுக்கவும் வெப்பத்திலிருந்து காக்கவும் அது நன்றாகவே உதவுகிறது. போட்டால் கழுவ வேண்டும், அவ்வளவுதான். மிக மென்மையான ஷாம்புவை மட்டும் பயன்படுத்திக்கொண்டு கரையாத சிலிகோனையும் போட்டால் கணக்கு உதைக்கும்.

மாதம் ஒரு முறையோ இரு முறையோ சோடியம் லாரெத் சல்ஃபேட் உள்ள சாதாரண ஷாம்புவால் நன்றாக அலசுங்கள். அடுத்த நாளே துள்ளல் திரும்பினால் படிவுதான் காரணம். திரும்பவில்லை என்றால், போடும் கிரீமின் அளவைப் பாதியாக்குங்கள். அப்போதும் இல்லை என்றால் நீளம். முடியின் சொந்த எடையே சுருளை இழுத்துவிடும். சிலருக்குத் தோளுக்குக் கீழே போனாலே அலை காணாமல் போகும்.

தொட்டால் வைக்கோல்

இந்த அறிகுறிக்குப் பின்னால் மூன்று வேறு வேறு காரணங்கள் ஒளிந்திருக்கின்றன. மூன்றுக்கும் வைத்தியம் வேறு. தவறானதைச் செய்தால் இன்னும் மோசமாகும்.

உதிர்ந்த ஈர முடி ஒன்றை இரு கைவிரல்களுக்கு நடுவே பிடித்து மெதுவாக இழுங்கள். நல்ல முடி ஈரத்தில் கொஞ்சம் நீண்டு, விட்டதும் பழையபடி வந்துவிடும்.

நீளவே நீளாமல் டப்பென்று அறுந்தால், சமீபத்தில் புரதம் கலந்த மாஸ்க், கண்டிஷனர் எதையாவது தொடர்ந்து போட்டீர்களா என்று பாருங்கள். பட்டியலில் ‘ஹைட்ரலைஸ்டு’ என்று தொடங்கும் கெரட்டின், கோதுமைப் புரதம், பட்டுப் புரதம் போன்றவை. அளவோடு போட்டால் இவை பழுதான இழைக்குத் தற்காலிக முட்டுக்கொடுக்கும். வாரா வாரம் போட்டால் சில தலைகள் விறைத்துவிடும். ஒரு மாதத்துக்குப் புரதம் இல்லாத கண்டிஷனருக்கு மாறுங்கள்.

முடி நன்றாகத்தான் நீள்கிறது, ஆனால் மேல்பூச்சு சொரசொரப்பாக இருக்கிறது, ஷாம்பு நுரைக்க மறுக்கிறது, குழாயின் வாயில் வெள்ளைப் படலம் படிந்திருக்கிறது என்றால் தண்ணீர்தான் குற்றவாளி. உப்புத் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் முடிமேல் படிகின்றன. எவ்வளவு கண்டிஷனர் போட்டாலும் அந்தப் படலத்தின்மேல்தான் போய் உட்காரும். ஈ.டி.டி.ஏ. போன்ற, உலோகத்தைப் பிடித்து இழுக்கும் பொருள் உள்ள ஷாம்பு சில வாரங்களுக்கு ஒரு முறை வேண்டும். கடைசி அலசலுக்கு மட்டுமாவது ஆர்.ஓ.வில் வடிகட்டிய தண்ணீர் ஒரு சொம்பு ஊற்றிக்கொள்ளலாம். சோப்புக்கட்டியால் தலைக்குக் குளிக்கும் பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள். சோப்பின் காரத்தன்மை பி.எச். 9, 10 என்று இருக்கும். முடி விரும்புவது இலேசான அமிலத்தன்மையை. காரம் பட்டால் செதில்கள் தூக்கிக்கொள்ளும். போதாததற்கு, உப்புத் தண்ணீரோடு சேர்ந்து சோப்பு கரையாத கசடாகவும் மாறும்.

இவை இரண்டும் இல்லை என்றால் வெறும் வறட்சி. இங்கே ஒரு பெரிய குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். எண்ணெய் ஈரம் தராது. எண்ணெயில் தண்ணீரே இல்லை. உள்ளே இருக்கும் ஈரம் சீக்கிரம் போகாமல் காப்பதுதான் அதன் வேலை. காய்ந்த முடியில் எண்ணெயைத் தடவினால் பளபளக்கும் வைக்கோல்தான் கிடைக்கும். தேங்காய் எண்ணெய்க்கு மட்டும் ஒரு தனிச் சிறப்பு உண்டு. அதிலுள்ள லாரிக் அமிலம் சிறிய, நேரான மூலக்கூறு என்பதால் முடியின் உள்ளேயே ஊடுருவும், அலசும்போது புரதம் வெளியேறுவதைக் குறைக்கும். ஆகவே அதைக் குளிப்பதற்குச் சில மணி நேரம் முன்பு தடவுவதே நல்ல பயன். குளித்தபின் ஈரத் தலையில் கண்டிஷனர், அதன்மேல் தேவையென்றால் துளி எண்ணெய் என்ற வரிசை சரியாக வரும். பட்டியலில் செட்டில் ஆல்கஹால், செட்டியரில் ஆல்கஹால் என்று பார்த்துப் பயப்படாதீர்கள். பெயர்தான் ஆல்கஹால், குணத்தில் மெழுகு. வறட்டுவது ‘ஆல்கஹால் டினாட்’ என்று எழுதியிருப்பது.

ஈரத்தில் ரப்பர் போல இழுபடுகிறது

இழுத்தால் நீண்டுகொண்டே போய், திரும்பி வராமல் அறுகிறது. பெரும்பாலும் பிளீச் செய்த முடி. மேலே சொன்னதற்கு நேர்மாறாக இதற்குத்தான் புரதம் வேண்டும், மூன்று நான்கு வாரங்களுக்கு வாரம் ஒரு முறை. இரவு முழுக்கத் தலையில் கண்டிஷனரோடு தூங்குகிற வழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். மணிக்கணக்கில் ஊறி உப்புவது பலவீனமான முடியை இன்னும் நலிய வைக்கும்.

சீப்பே இறங்கவில்லை

காய்ந்த தலையில் சீப்பை வைக்கவே கூடாது, இங்கிருந்து தொடங்குவோம்.

தலையை நனைத்து, நான்கு பாகமாகப் பிரித்துக் கிளிப் போடுங்கள். ஒரு பாகத்தில் கண்டிஷனர் வழுக்கும் அளவுக்குப் போடுங்கள். இப்போது நுனியிலிருந்து இரண்டு விரல்கடை மேலே, அந்தக் கொத்தை இடக்கையால் இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள். இழுப்பு வேருக்குப் போகாமல் அந்தக் கை தாங்கிக்கொள்ளும். வலக்கை விரல்களால் நுனியில் இருக்கும் முடிச்சைப் பக்கவாட்டில் விரித்துப் பிரியுங்கள். கீழே இழுக்காதீர்கள். நுனி வழுக்கியதும் பிடியை இன்னும் இரண்டு விரல்கடை மேலே ஏற்றுங்கள். வேர்வரை இப்படி வந்தபின் பெரிய பல் சீப்பை ஒரு முறை விட்டால் தடையில்லாமல் இறங்கும். முதல் தடவை எனக்கு நாற்பது நிமிடம் ஆனது. இப்போது பத்து நிமிடம்.

விரலுக்கு ஒரு சிறு மணி போல நெருடும் ஒற்றை முடி முடிச்சு அகப்படும். ஒரே முடி தன்னைத்தானே சுற்றிக்கொண்டு போட்ட முடிச்சு அது. அவிழ்க்க முயலாமல், முடிச்சுக்குச் சற்று மேலே கூரான கத்தரிக்கோலால் வெட்டிவிடுங்கள். நுனி வெடிப்புக்கும் இதேதான். பிளந்த நுனியை ஒட்டவைக்கும் சீரம் என்று விற்பது அடுத்த அலசல்வரை தாங்கும் பசை.

கொத்துக் கொத்தாகக் கையோடு வருகிறது

குளியலறையில் கைப்பிடி முடியைப் பார்த்துவிட்டு அழுதவர்களுக்காக ஒரு கணக்கு. எல்லாத் தலையிலும் நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு. நேர்முடியில் அவை அன்றன்றைக்குத் தரையில் விழுந்துவிடும். சுருளில் உதிர்ந்த முடியும் மற்றவற்றோடு பின்னிக்கொண்டு தலையிலேயே இருக்கும். நான்கு நாளுக்கு ஒரு முறை சிக்கெடுத்தால் 200 முதல் 400 முடிவரை ஒரேயடியாக வரும். பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் பாக்கி வசூல்தான்.

வந்த முடியில் நான்கைந்தை வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு முனையில் கடுகைவிடச் சிறிய வெள்ளைப் புள்ளி இருந்தால் வேரோடு உதிர்ந்தது. புள்ளி இல்லாமல், நீளமும் ஏறுக்குமாறாக இருந்தால் ஒடிந்தது. ஒடிவதைச் சிக்கெடுக்கும் முறையும் வெப்பத்தைக் குறைப்பதும் சரிசெய்யும். வேரோடு திடீரென்று அதிகமாக உதிர்ந்தால், இரண்டு மூன்று மாதம் பின்னால் போய் யோசியுங்கள். கடும் காய்ச்சல், பிரசவம், அறுவைச் சிகிச்சை, பட்டினி டயட் எதுவாவது இருந்ததா? அந்த அதிர்ச்சி இவ்வளவு தாமதமாகத்தான் தலையில் தெரியும். பெரும்பாலும் சில மாதங்களில் தானாக நிற்கும்.

இறுக்கிக் கட்டுவதால் நெற்றியோர முடி பின்வாங்குவது வேறு கதை. கட்டும்போது வலித்தால் அது எச்சரிக்கை. ஆரம்பத்திலேயே தளர்த்திவிட்டால் முடி திரும்ப வரும், வருடக்கணக்கில் தொடர்ந்தால் வராமலே போகலாம். வட்டமாக வழுக்கை விழுந்தாலோ, வகிடு அகன்றுகொண்டே போனாலோ, தோல் சிவந்து வலித்தாலோ, மயிர்க்கால்களே தெரியாமல் பளபளத்தாலோ தோல் மருத்துவரிடம் போங்கள். அங்கே எந்த எண்ணெயும் மாஸ்க்கும் உதவாது.

அரிப்பு, செதில், பிசுக்கு

சுருட்டை முடிக்கு ஷாம்புவே கூடாது என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஏழு மாதம் கண்டிஷனரால் மட்டும் தலையைக் கழுவினேன். சுருள் அற்புதமாக வந்தது. கூடவே கறுப்புச் சட்டை போட முடியாத அளவுக்குச் செதிலும் வந்தது. முடிக்கு ஒரு தேவை, அதன் அடியில் இருக்கும் தோலுக்கு வேறொரு தேவை என்பதை நான் யோசிக்கவில்லை.

பொடுகுக்குப் பின்னால் இருப்பது மலசீசியா என்ற பூஞ்சை. எல்லோர் தலையிலும் வாழ்கிறது, தலையின் எண்ணெயை உண்டு பெருகுகிறது. பொடுகுத் தலையில் எண்ணெயை ஊறவைப்பது அதற்கு விருந்து வைப்பது போல. கீட்டோகோனசோல் அல்லது ஜிங்க் பைரிதியோன் உள்ள ஷாம்புவை வாரம் இரு முறை, உச்சந்தலையில் மட்டும் தேய்த்து, ஐந்து நிமிடம் விட்டு அலசுங்கள். போட்டதும் அலசினால் காசு தண்ணீரோடு போகும். நீளத்தில் அந்த ஷாம்பு இறங்கி வறட்டாமலிருக்க, முன்கூட்டியே நுனியில் கண்டிஷனர் தடவிக்கொண்டு போகலாம். ஒரு மாதத்தில் அடங்கவில்லை என்றால் மருத்துவர்.

பொடுகு இல்லாதவர்களுக்கும் இதே பிரிவினைதான்: ஷாம்பு தோலுக்கு, கண்டிஷனர் காதுக்குக் கீழே.

மேலே சுருள், கீழே கம்பி

வேர்ப்பக்கம் சுருண்டு வருகிறது, நுனிப்பக்கம் நேராகத் தொங்குகிறது. ஸ்ட்ரெய்ட்னர் வைத்த முடிக்கும் ரசாயனத்தால் நேராக்கிய முடிக்கும் இதுதான் அடையாளம். ரசாயனம் டைசல்ஃபைட் பிணைப்பையே மாற்றி அடுக்கிவிட்டது. அதிக சூடு கெரட்டினைக் குலைத்துவிட்டது. எந்த மாஸ்க்கும் அதைப் பழைய சுருளாக்காது. இதைச் சொல்லும்போது முகம் வாடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் ‘மீட்டுத் தரும்’ என்று சொல்லி விற்கும் புட்டிகளுக்குச் செலவழிப்பதைவிட இதை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

வழி இரண்டு. மொத்தமாக வெட்டிவிடுவது. அல்லது மாதம் ஒரு சென்டிமீட்டர் சொச்சம் என்ற கணக்கில் வளரவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக நுனியைக் குறைப்பது. இரண்டாவது வழியில் சுருளும் கம்பியும் சேரும் எல்லைக்கோடு மிகப் பலவீனமானது, அங்கேதான் ஒடியும். அதுவரை விரலில் சுற்றியோ, இலேசாகத் திருகிக் காயவைத்தோ இரண்டையும் ஒன்றுபோலக் காட்டிக்கொள்ளலாம்.

இனியும் எப்போதாவது வெப்பம் வைப்பதென்றால், ஈர முடியில் ஸ்ட்ரெய்ட்னர் வேண்டவே வேண்டாம். உள்ளே இருக்கும் நீர் ஆவியாகி இழைக்குள் குமிழி குமிழியாக வெடிக்கும். டிரையரில் டிஃப்யூசர் (காற்றைப் பரவலாக்கும் அகன்ற மூடி) மாட்டி, குறைந்த சூட்டில் காயவைப்பது வேறு, அது பரவாயில்லை.

எல்லாம் சரி, ஆனாலும் நேராக்கிவிடலாம் போலிருக்கிறது

இதுவும் ஓர் அறிகுறிதான், பெரும்பாலும் ஆறாவது வாரத்தில் வரும். பழைய பொருள்கள் தீர்ந்திருக்காது, புதியவை பிடிபட்டிருக்காது, வீட்டில் யாராவது ‘தலையை வாரிக்கொண்டு வா’ என்று சொல்லியிருப்பார்கள். முடி அப்போதுதான் வாரி முடிந்திருக்கும்.

நான் செய்தது, ஒவ்வொரு முறை தலைக்குக் குளித்துக் காய்ந்ததும் ஒரே ஜன்னல் அருகில், ஒரே கோணத்தில் ஒரு படம். அன்றைய படம் எப்போதும் பிடிக்காது. மூன்று மாதம் கழித்து முதல் படத்தைப் பார்த்தபோது, அன்றைக்குப் பிடிக்காமல்போன தலை அப்படியொன்றும் மோசமில்லை என்று தோன்றியது. கண்ணுக்கும் பழக நேரம் வேண்டியிருக்கிறது. பள்ளியில் குருவிக்கூடு என்று கூப்பிடப்பட்ட ஒருத்தி, அந்தக் கூட்டைத் தானே அள்ளிப் பிசைந்து உப்ப வைக்கப் பழகுவதற்கு ஜெல் மட்டும் போதாது. சுருட்டை முடியோடு நடமாடும் மனிதர்களைப் பார்த்துக்கொண்டே இருங்கள். அது உண்மையிலேயே உதவுகிறது.

அதையும் தாண்டி நேராக்கத்தான் தோன்றுகிறது என்றால் அது உங்கள் தலை, உங்கள் விருப்பம். பட்டியலை மட்டும் படியுங்கள். சில நேராக்கும் கலவைகளில் ஃபார்மால்டிஹைட் உண்டு, சூடு பட்டதும் கண்ணைக் கரிக்கும் புகையாக எழும். மெத்திலீன் கிளைக்கால் என்று எழுதியிருந்தாலும் அதேதான். ஃபார்மால்டிஹைடை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-லேயே வகைப்படுத்திவிட்டது.

இரவில் சுருள், காலையில் பாய்

வழவழப்பான சாட்டின் அல்லது பட்டுத் தலையணை உறை போடுங்கள், பருத்தி உராயும். முடியை உச்சிக்குத் தூக்கித் தளர்வாக ஒரு ரப்பர் பேண்டில் நிறுத்துங்கள், துணி சுற்றியதாக இருக்கட்டும். காலையில் கலைந்த இடத்தை மட்டும் கையால் நனைத்துப் பிசைந்தால் போதும். முழுத்தலையையும் மறுபடி நனைக்கத் தேவையில்லை.

வெட்டிவிட்டு வந்தால் முக்கோணம்

ஒரே நீளத்தில் வெட்டினால் உச்சி படிந்து, கீழே சுருள்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, தலை கூடாரம்போல விரியும். அடுக்காக வெட்டச் சொல்லுங்கள். கூடவே, காய்ந்த நிலையில் வெட்டுவார்களா என்றும் கேளுங்கள். ஈரத்தில் எல்லாச் சுருளும் நீண்டு தெரியும். காய்ந்ததும் ஒவ்வொன்றும் வேறு வேறு அளவு சுருங்கும். கத்தரிக்கோலை எடுக்கும் முன் நெற்றிச் சுருள் ஒன்றை இழுத்துவிட்டு, அது எங்கே போய் நிற்கிறது என்று காட்டுங்கள்.

நான் காட்டவில்லை. ஒரு சலூனில் என் முன்முடியை ஈரமாக நீவி, புருவத்துக்குச் சரியாக அளந்து வெட்டினார்கள். கண்ணாடியில் கச்சிதமாக இருந்தது. வீட்டுக்கு நடந்துவரும் வழியிலேயே காய்ந்து, மூன்று விரல்கடை மேலே ஏறி, நடு நெற்றியில் வரிசையாக உட்கார்ந்துகொண்டது. அது மறுபடி புருவத்தைத் தொட ஏழு மாதம் ஆயிற்று.